இத்தாலிக்காரங்க பண்ற சால்சாவை சீரியஸா எடுத்துக்கலாமா?

வினோத்_பாஸ்:
மக்களே, கொஞ்ச நாளா சால்சான்ற லத்தீன் டான்ஸ் பாட்டு மேல பைத்தியம் பிடிச்சு சுத்திட்டிருக்கேன். நியூயார்க் ஃபானியா ரெக்கார்ட் கம்பெனியோட எழுபதுகள் பாட்டா கேட்டு கேட்டு ஓய்ஞ்சு போயி பிளேலிஸ்ட்டை அது இஷ்டத்துக்கு ஓட விட்டேன், லா மாக்ஸிமா 79னு ஒரு குரூப் வந்துச்சு. சத்தியமா அந்தக் காலத்து நியூயார்க் ரெக்கார்டுன்னுதான் நினைச்சேன், யாருன்னு தேடிப் பாத்தா இத்தாலி! அதுக்கப்புறம் அல்காரிதம் ஒண்ணு மாத்தி ஒண்ணா இத்தாலி டிஜேங்க புரொட்யூஸ் பண்ண சால்சாவா தள்ளுது. சிலது பிரமாதம், சிலது ஜிம்ல போடுற பாட்டு மாதிரி இருக்கு. இவங்க எப்படி இதுக்குள்ள வந்தாங்க, யாராவது இதை ஃபாலோ பண்றீங்களா?

ரிதம்பைத்தியம்:
ஃபாலோ பண்ணி பாதியில விட்டவன் நான். சால்சான்றது சோன்ற கியூபா நாட்டுப்புற இசையில வேர் விட்டு நியூயார்க்ல போர்ட்டோரிக்கோ குடும்பங்க இருந்த தெருவுல வளந்த பாட்டு. வாடகை கட்ட முடியாதவன் கதை, போலீஸ் கதை, ஊரை விட்டு வந்தவன் ஏக்கம் எல்லாம் அதுல இருக்கு. மிலான்ல டான்ஸ் கிளாஸுக்கு மாணவர் சேர்க்குறதுக்காக போடுற டிராக்கை அது பக்கத்துல வைக்கவே எனக்கு மனசு வரல. வாசிப்பு சுத்தமா இருக்கும், ஆனா எதுக்காகப் பாடுறாங்கன்னு கேட்டா பதில் இருக்காது.

பழையதட்டு:
ரிதம் தம்பி, வேர் பத்தி நீங்க சொன்னது சரி, ஆனா இத்தாலியை டான்ஸ் கிளாஸ்லேர்ந்து ஆரம்பிச்சீங்கன்னா பாதி கதை போயிடும். 1951ல ஆல்பெர்த்தோ லத்துவாதா எடுத்த அன்னான்னு ஒரு இத்தாலியப் படம், அதுல சில்வானா மங்கானோ ஆடுற எல் நெக்ரோ ஸும்போன் பாட்டுக்கு மெட்டு போட்டது அர்மாந்தோ ட்ரோவயோலி, ரோம்காரர். ரிதம் பிரேசிலோட பையாவோ, வரிகள் ஸ்பானிஷ், திரையில வாயசைக்கிறது மங்கானோ, நிஜமா பாடினது ஃப்ளோ சாண்டோன்ஸ்னு ஒரு இத்தாலியப் பாடகி. அந்தப் பாட்டு கடல் தாண்டி அமெரிக்காவுல 1953ல ஹிட் ஆச்சு. மாம்போன்ற கியூபா டான்ஸ் இசைக்கு ராஜான்னு பேர் வாங்கின கியூபாக்காரர் பெரெஸ் பிராடோவே அதை எடுத்து தன் ஆர்க்கெஸ்ட்ராவுல வாசிச்சார். அதாவது இத்தாலில செஞ்ச லத்தீன் மெட்டை ஒரு கியூபாக்காரர் கவர் பண்ணிருக்கார், சால்சான்ற பேரே அப்ப புழக்கத்துல வரல.

அதே பெரெஸ் பிராடோவோட பத்ரிசியா பாட்டை இத்தாலிய டைரக்டர் ஃபெல்லினி 1960ல லா தோல்சே வீத்தா படத்துல வச்சார். போருக்கப்புறம் ரோம்ல இரவு வாழ்க்கையில மாம்போவும் சா சா சாவும் நிறைய காதுல விழுந்துச்சு.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப முக்கியம். நீங்க சொல்ற அந்த நியூயார்க் சால்சாவை உலகத்துக்கே வித்த ஃபானியா ரெக்கார்ட்ஸ் 1964ல ஆரம்பிச்சது, ரெண்டு பேர் சேர்ந்து. ஒருத்தர் டொமினிக்கன் நாட்டுல பொறந்த ஜானி பச்சேகோ, இன்னொருத்தர் ஜெர்ரி மஸூச்சி. மஸூச்சி புரூக்ளின்ல பொறந்த இத்தாலியக் குடும்பத்துப் பையன், முன்னாடி போலீஸ், பிறகு வக்கீல், பச்சேகோவோட விவாகரத்து கேஸை நடத்தப் போயி கூட்டாளி ஆனவர். அதுக்கும் முன்னாடி நியூயார்க் பலாடியம் பால்ரூம்ல கியூபன் பீட்னு பேர் வாங்கின டான்ஸரோட ஜோடியா ஆடி எல்லாரையும் வாயப் பொளக்க வச்ச மில்லி டோனேயும் இத்தாலிய வம்சம்தான். இவங்கல்லாம் அமெரிக்கா இத்தாலியர்கள், மிலான்ல இருக்குற டிஜேவுக்கும் இவங்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லதான். ஆனா இந்த இசை உருவான அறையில இவங்க ஆளும் நின்னுட்டிருந்தாங்க.

ரிதம்பைத்தியம்:
மஸூச்சி பணம் போட்டார், அதுவும் ஆர்ட்டிஸ்ட்டுங்க ராயல்டி விஷயத்துல கடைசி வரை சண்டை ஓய்ஞ்சபாடில்ல. பியானோ முன்னாடி அவர் உக்காரலயே அண்ணே.

சுதா_மிலானோ:
நான் மிலான் பக்கத்துல இருக்கேன், வாரக் கடைசில ஆடப் போற ஆளு, அதனால இங்க நடக்கறதை சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க.

இத்தாலில சால்சா வேர் பிடிச்சது தொண்ணூறுகள்லதான். ரெண்டு விஷயம் ஒரே சமயத்துல நடந்துச்சு. சோவியத் யூனியன் உடைஞ்சு கியூபா பொருளாதாரம் படுத்தப்ப அவங்க டூரிஸத்தை திறந்து விட்டாங்க, அங்க போய் குவிஞ்சவங்கள்ல இத்தாலிக்காரங்க ரொம்ப அதிகம். போனவங்க கசினோன்னு சொல்ற கியூபா பாணி சால்சா ஆடக் கத்துக்கிட்டு வந்தாங்க, அங்கேர்ந்து டான்ஸர்களும் மியூசிஷியன்களும் கல்யாணம் பண்ணியோ காண்ட்ராக்ட்லயோ இங்க வந்து சேர்ந்தாங்க. இது ஒண்ணு. இன்னொண்ணு, இங்க ஜோடியா ஆடுற பழக்கம் ஏற்கனவே சாதாரண ஜனங்ககிட்ட இருந்தது. ரொமாஞ்ஞா பக்கம் லிஷோன்னு சொல்வாங்க, வால்ட்ஸ், போல்கா, மசுர்க்கா எல்லாம் சேர்ந்த ஊர் டான்ஸ், அதுக்குன்னே பலேரான்னு ஹால்கள், அதுக்குன்னே ஆர்க்கெஸ்ட்ராக்கள். டான்ஸ் மாஸ்டர்களுக்கு 1945லேர்ந்தே தேசிய சங்கம் இருக்கு. அதனால சால்சா வந்தப்ப சொல்லிக்கொடுக்க ஹால், வாத்தியார், சாயங்காலம் கிளாஸுக்குப் போற பழக்கம் எல்லாம் தயாரா இருந்துச்சு, புது சரக்கை அப்படியே அதுக்குள்ள ஊத்திட்டாங்க. இன்னைக்கு டான்ஸ் ஸ்போர்ட் ஃபெடரேஷன்ல கரீபியன் டான்ஸ்னு தனிப் பிரிவே இருக்கு, சால்சா, மெரெங்கே, பச்சாட்டா, வட்டமா நின்னு ஆடுற ரூவெதா எல்லாத்துலயும் நம்பர் குத்திக்கிட்டு போட்டி போடுறாங்க.

கோடையில பெரிய பெரிய விழா. ரோம்ல கப்பன்னெல்லே குதிரைப் பந்தய மைதானத்துல ஃபியெஸ்தா, மிலானுக்கு வெளிய அஸ்ஸாகோல லத்தினோஅமெரிக்கான்தோன்னு வருஷக்கணக்கா நடந்துச்சு. லோஸ் வான் வான் மாதிரி கியூபாவோட பெரிய தலைங்களே இத்தாலிக்கு வந்து வாசிச்சிட்டுப் போயிருக்காங்க.

இப்ப ரிதம் சொன்னதுக்கு வரேன். இங்க சால்சா தெருவுல வளரல, ஆடுற தரையில வளந்துச்சு. அதை நான் குறையா பாக்கல. வேலை முடிச்சு நர்ஸ், எலக்ட்ரீஷியன், ஸ்கூல் டீச்சர் எல்லாம் ராத்திரி பதினோரு மணிக்கு சட்டை மாத்திக்கிட்டு வந்து ஆடுறாங்க, அந்த உடம்புங்களுக்காக ஒருத்தன் உக்காந்து பாட்டு பண்றான். அதுவும் ஒரு காரணம்தானே? டான்ஸுக்காக பண்ற இசை கொஞ்சம் கீழன்னு நினைக்கறதை என்னால ஒத்துக்கவே முடியாது, மாம்போ எதுக்காக பண்ணாங்களாம்?

பலெர்மோ_பெடியன்:
சுதா அக்கா சொல்லுறது சரி. நான் சிசிலியில பலெர்மோவில இருக்கிறன். இஞ்ச கோடை வந்தா கடற்கரை வழிய இருக்கிற லீதோ எண்ட பீச் கிளப்புகளில பின்னேரம் பாட்டுப் போடத் தொடங்கினா விடிய மட்டும் நிக்காது. எங்கட ஆக்களிலயும் சில பெடியள் ஆடப் போறவை. எனக்கு ஒரு விசயம் விளங்கேல்லை, பாடுறவர் இத்தாலிக்காரர், கேக்கிறவை இத்தாலிக்காரர், பிறகு ஏன் முழுக்க ஸ்பானிஷிலயே பாடுகினம்? நாப்போளி (நேப்பிள்ஸ்) பக்கம் எல்லாம் எவ்வளவு வடிவான பாட்டுப் பாரம்பரியம் இருக்கு.

நிலாச்சோறு:
ஸ்பானிஷ்ல பாடினாத்தான் வெளிநாட்டு டிஜேங்க போடுவாங்கன்னு நினைக்கிறேன். ஜப்பான் ஆர்க்கெஸ்டா தெ லா லூஸ் ஞாபகம் இருக்கா? டோக்கியோ பசங்க, நோரான்னு ஒரு பொண்ணு லீட், முழுக்க ஸ்பானிஷ்ல பாடி 1990ல பில்போர்ட் டிராப்பிக்கல் லிஸ்ட்ல முதலிடத்துக்கே வந்தாங்க. ஸ்வீடன்ல காயே ரெயால்னு ஒரு குரூப் டிம்பான்ற கியூபா டான்ஸ் இசையையே பின்னி எடுத்துச்சு. அவங்களை யாரும் சந்தேகமா பாக்கலயே, இத்தாலியை மட்டும் ஏன்?

ரிதம்பைத்தியம்:
நல்ல உதாரணம். லா லூஸ் ஒரு லைவ் பேண்ட், வருஷக்கணக்கா சேர்ந்து ரிகர்சல் பண்ணி மேடையில நின்னு வாசிச்சாங்க. எனக்கு இத்தாலி மேல இருக்குற கோவம் டிஜே புரொடக்‌ஷன் மேலதான். கேட்டுப் பாருங்க:

சால்சாவோட முதுகெலும்பு கிளாவே, ரெண்டு கட்டையைத் தட்டி வர்ற தாளம். ரெண்டு பார்ல (ஒரு பார்னா நாலு எண்ணிக்கை) அஞ்சு அடி. மூணு ரெண்டு சோன் கிளாவேன்னா முதல் பார்ல ஒண்ணு, ரெண்டரை, நாலு, அடுத்த பார்ல ரெண்டு, மூணு. யாரும் கட்டையைத் தட்டலைன்னாக்கூட அது உள்ள ஓடிட்டே இருக்கணும், பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கிற மொந்தூனோ, கூட்டுக் குரலான கோரோ, ட்ரம்பெட் மாதிரி பிராஸ் வாத்தியங்களோட ரிஃப், டிம்பால் டிரம் எல்லாம் அதுக்கு அடங்கித்தான் உக்காரணும். கம்ப்யூட்டர்ல சாம்பிள் எடுத்து ஒட்டுறவன் நாலு பார், எட்டு பார்னு வெட்டி ஒட்டும்போது இன்ட்ரோ ஒரு கணக்குல போகும், நடுவுல ஒரு பார் கூடவோ குறையவோ விழுந்தா கோரோ எதிர்ப் பக்கம் திரும்பிடும். இதைத்தான் கிளாவே கிராஸ் ஆயிடுச்சுன்னு சொல்றது. சாதாரணமா ஆடுறவனுக்கு என்னன்னு சொல்லத் தெரியாது, ஆனா கால் ஒட்டாது. இத்தாலி டிஜேங்களோட டிராக்ல இதை நான் நிறைய தடவை கேட்டிருக்கேன். அப்புறம் எல்லா அடியையும் கம்ப்யூட்டர் கட்டத்துல (கிரிட்) இழுத்து வச்சு நேர் பண்ணிடறாங்க, கையால அடிக்கிற கோங்கா டிரம்மும் பாஸும் லேசா முன்னப்பின்ன சாயறதுதான் அந்த இசையோட உயிரே, அதைத் தேச்சு மழிச்சிடறாங்க.

வினோத்_பாஸ்:
பாஸ் வாசிக்கிறவனா இதுல நான் ரிதம் பக்கம். தும்பாவ்னு சொல்ற சால்சா பாஸ் பேட்டர்னை வாசிக்கறப்ப ஒண்ணுல அடிக்கவே மாட்டோம், ரெண்டரையிலயும் நாலுலயும்தான் விழும், அந்த நாலுல விழுற நோட் அடுத்த பாரோட கார்டுக்குச் சொந்தம். அதாவது பாஸ் எப்பவும் கொஞ்சம் முன்னாடியே வீட்டுக்குப் போயிடும், மத்தவங்க பின்னாடி வருவாங்க. இதை மவுஸால வரைஞ்சா நோட் சரியாத்தான் இருக்கும், ஆனா அந்த இழுவை வராது. ஆனா சுதா அக்கா, லா மாக்ஸிமால எனக்கு அந்தக் குறை தெரியல. அங்க நிஜ ஆளுங்க வாசிக்கறாங்க, கேட்டாலே தெரியுது. அப்ப ரெண்டு வகை இருக்கா?

சுதா_மிலானோ:
ரெண்டு வகை இல்ல, ஒரு நீளமான கோடு. ஒரு முனையில முழு ஆர்க்கெஸ்ட்ரா, இன்னொரு முனையில லேப்டாப் மட்டும், நடுவுலதான் நிறைய பேர். ஏன்னா இங்க ராத்திரியை நடத்துறது டிஜே. கிளப்புக்கு கூட்டம் கொண்டு வர்றது டான்ஸ் ஸ்கூல், வாத்தியார் தன் மாணவர்களை மொத்தமா கூட்டிட்டு வருவார். பெரிய இடம்னா ரெண்டு ஹால், ஒண்ணுல கியூபானா, அதாவது கியூபா பாணி, இன்னொண்ணுல போர்த்தோரிக்கானோ, அதாவது நேர்கோட்டுல ஆடுறது. இந்த ரெண்டு கோஷ்டிக்கும் நடுவுல நடக்குற சண்டை இருக்கே, ஃபுட்பால் கெட்டுது! டிஜே ரெண்டு பக்கத்தையும் சமாளிக்கணும், சால்சா கொஞ்சம், பச்சாட்டா கொஞ்சம், நடுவுல ஒரு மெரெங்கே. சால்சா நிமிஷத்துக்கு 180, 190 பீட்ல ஓடும், ரெண்டு மூணு போட்டா ஜனங்க மூச்சு வாங்குவாங்க, அப்ப பச்சாட்டாவுக்கு இறங்கணும். எந்தப் பாட்டுக்கு தரை நிறையுது, எந்த இடத்துல ஜோடிங்க தடுமாறுதுன்னு வாரா வாரம் கண்ணால பாக்குறவன் அவன்தான். அவனுக்குத் தேவையான பாட்டு சந்தையில இல்லன்னா அவனே பண்றான். ஃபானியா டிராக் ஏழு எட்டு நிமிஷம்கூட போகும், நடுவுல நீளமா சோலோ, தெரியாத ஆளோட ஆட ஆரம்பிச்ச ஒரு பிகினருக்கு அது தண்டனை. இவங்க நாலு நிமிஷத்துல முடிக்கிறாங்க, பிரேக் எங்க வரும்னு காதுக்கு முன்கூட்டியே தெரியும்.

காசு விஷயமும் உண்டு. இங்க சியாயேன்னு 1882லேர்ந்து இருக்குற ஆத்தர்ஸ் சொசைட்டி, பாட்டு எழுதினவங்களுக்கு ராயல்டி வசூல் பண்ணிக் கொடுக்கும். கச்சேரி முடிஞ்சதும் என்னென்ன பாட்டு வாசிச்சோம்னு போர்டெரோன்னு ஒரு லிஸ்ட் எழுதிக் கொடுக்கணும். அந்த லிஸ்ட்ல சொந்தப் பாட்டு இருந்தா சொந்தக்காரனுக்கு காசு. அதனால ஆடுற ஹாலுக்கு வாசிக்கிறவன் எவனும் அடுத்தவன் பாட்டையே காலம் பூரா வாசிச்சிட்டிருக்க மாட்டான், தனக்குன்னு எழுதிக்கத்தான் பாப்பான், லிஷோ ஆர்க்கெஸ்ட்ரா ஆகட்டும் சால்சா ஆகட்டும். இது எனக்குத் தப்பாவே தெரியல, புதுப் பாட்டு பிறக்க அது ஒரு தூண்டுதல்.

கிளாவே விஷயத்துல ரிதம் சொல்றது உண்மை, நான் மறுக்கல. சுமாரான டிராக் நிறைய வருது. ஆனா நல்லா பண்றவன் என்ன பண்றான்னு பாருங்க, லேப்டாப்ல அடித்தளம் போட்டுட்டு இங்கேயே குடியிருக்குற கியூபா கோங்கா வாசிப்பாளர்கிட்ட போறான். 1990ல ஹொராஸியோ எல் நெக்ரோ ஹெர்னாண்டஸ், உலகத்துலயே பெரிய கியூபா டிரம்மர்கள்ல ஒருத்தர், ஹவானாவை விட்டு ரோமுக்கு வந்து சில வருஷம் இங்க தங்கி வாசிச்சு, சொல்லிக்கொடுத்து, அப்புறம்தான் நியூயார்க் போனார். அந்த மாதிரி ஆள் கிட்ட நேரா உக்காந்து கத்துக்கிட்ட இத்தாலிய டிரம்மர்கள் இருக்காங்கன்னா அவங்க கை எப்படி இருக்கும்! ஜொவானோத்தி மாதிரி இத்தாலிய பாப் ஸ்டாரோட மேடையில பெர்கஷன் வாசிச்ச எர்னஸ்த்திகோ ரொத்ரிகேஸும் கியூபாக்காரர்தான். பிராஸுக்கு இங்க பஞ்சமே இல்ல, தெற்கே புல்யா பக்கம் சின்ன ஊர்ல கூட டவுன் பேண்ட் இருக்கு, சின்னப் பையன்லேர்ந்து ட்ரம்பெட், டிராம்போன் ஊதி, அப்புறம் கன்சர்வட்டோரின்ற மியூசிக் காலேஜ் போயி ஜாஸ் படிச்சவன் சால்சா செஷனுக்கு வந்தா முதல் டேக்லயே முடிச்சிட்டுப் போவான்.

பழையதட்டு:
இதோட லேபிள் பக்கத்தையும் சேத்துக்கோங்க. பிளானெட் ரெக்கார்ட்ஸ்னு இத்தாலிய லேபிள், கியூபாவோட ஹென்தே தெ ஸோனா குரூப் இன்னைக்கு இருக்குற உயரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அவங்க ரெக்கார்டுகளை வெளியிட்டது இவங்கதான், 2008ல வந்த ஆல்பம் உட்பட. அது சால்சா இல்ல, ராப் கலந்த ரெகேத்தோன் பக்கம்தான், ஆனா ஹவானாவுல பண்ற இசைக்கு ஐரோப்பாவுல கதவைத் திறந்து விட்டதுல இத்தாலி டிஜேக்களுக்கும் லேபிள்களுக்கும் பெரிய பங்கு இருக்கு. மெர்காதோநெக்ரோன்னு ஒரு குரூப், சுவிஸ்லேர்ந்து இயங்குது, ஆளுங்க பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கர்கள், அவங்களுக்கும் இத்தாலி கிளப்புங்க பெரிய மார்க்கெட். எல்லை தாண்டி அங்கயும் இங்கயும் போய் வர்ற ஒரே குளம் இது, இவன் இத்தாலி அவன் சுவிஸ்னு வரப்பு கட்ட முடியாது.

நிலாச்சோறு:
அப்ப லோஸ் லோகோஸ்? சின்ன வயசுல கேசட்ல கேட்ட ஞாபகம்.

பழையதட்டு:
அது சால்சா இல்ல, லத்தீன் பேரு வச்ச யூரோடான்ஸ். இத்தாலி ஜோடிதான், தொண்ணூறுகள்ல கூட்டமா நின்னு ஒரே ஸ்டெப் போடுற பாட்டுக்கு ராஜாக்கள். சால்சா ராத்திரிலயும் நடுவுல ஒரு அனிமேட்டர், அதாவது கூட்டத்தை ஆட வைக்கிற ஆள், மேடை ஏறி அந்த மாதிரி குரூப் டான்ஸ் நடத்துற வழக்கம் இத்தாலில உண்டு, ஜோடி இல்லாம வந்தவங்க, வெக்கப்படுறவங்க எல்லாம் அதுலதான் முதல்ல தரைக்கு வருவாங்க. மியூசிக்கா எனக்குப் பிடிக்காது, ஆனா அந்த வாசல் வழியா உள்ள வந்து பிறகு நிஜ சால்சாவுக்குப் போனவங்க எத்தனையோ பேர்.

ரிதம்பைத்தியம்:
சுதா அக்கா, அந்தப் பெரிய பதிவை நின்னு படிச்சேன். பொழப்புக்கு பண்றாங்கன்னு நான் குறை சொல்லல, ஃபானியாவும் பொழப்புதான். என் கேள்வி பெடியன் கேட்டதுக்கிட்ட வந்து நிக்குது. 1978ல வில்லி கொலோனும் ரூபென் பிளேட்ஸும் ஃபானியாவுல சியெம்ப்ரான்னு ஆல்பம் போட்டாங்க, அதுல ஒரு ரவுடி சாவு இருக்கு, பிளாஸ்டிக் வாழ்க்கை வாழ்றவங்களைப் பத்தின கோபம் இருக்கு, தன் ஊரு ஆளுங்களைப் பாத்துப் பாடுறாங்க. நான் கேட்ட வரைக்கும் இத்தாலி சால்சாவுல வரிகள் எல்லாம் வா ஆடலாம், ரிதம் பாரு, கியூபா அழகு, உன் இடுப்பு அழகு, இவ்வளவுதான். ஏன், பலெர்மோ துறைமுகம் இல்லையா, மில்லு மூடின ஊரு இல்லையா, வேலை தேடி வடக்கே போன தெற்கத்திக்காரன் இல்லையா, படகுல வந்து இறங்குற ஜனங்க இல்லையா? இதெல்லாம் சால்சாவுக்குன்னே அளவெடுத்து வச்ச கதைங்க. நியூயார்க் போர்ட்டோரிக்கன் பாடின அதே ஊரை விட்டு வந்த வலி அவங்க வீட்டுலயும் இருக்கே!

பலெர்மோ_பெடியன்:
அதைத்தான் அண்ணை நானும் கேட்டனான். இஞ்ச எங்கட ஆக்களும் பங்களாதேஷ் ஆக்களும் ஆபிரிக்கப் பெடியளும் வேலை செய்யிற சந்தையில நிண்டு பாத்தா ஒரு ஆல்பத்துக்குக் காணும். லத்தீன் அமெரிக்காவில இருந்து வந்த ஆக்களும் இத்தாலியில கனபேர் இருக்கினம், மிலானில பெரு, எக்குவடோர் சனம் எவ்வளவு. அவையள் கிளப்பில ஆடவும் வருகினம், பாட்டில மட்டும் அவையின்ர சீவியம் வாறேல்லை.

சுதா_மிலானோ:
பெடியன் தம்பி சொன்னது சுடுது, ஏன்னா உண்மை. இங்க பெரு, எக்குவடோர் பொண்ணுங்க நிறைய பேர் வயசானவங்களைப் பாத்துக்கிற வேலையில இருக்காங்க, ஞாயித்துக்கிழமை லீவ்ல மதியத்துலயே ஆட வருவாங்க. அவங்க போற இடமும் டான்ஸ் ஸ்கூல் கூட்டம் போற இடமும் பெரும்பாலும் வேற வேற. ஸ்கூல்காரங்க ஸ்டெப்பு எண்ணி ஆடுவாங்க, இவங்க பாட்டோட வரியை வாய்விட்டுப் பாடிக்கிட்டே ஆடுவாங்க. இந்த ரெண்டு கூட்டமும் ஒரே ஹால்ல கலந்தா அப்புறம் பாட்டு எழுதுறவனுக்கு எழுத விஷயம் கிடைக்கும்னு நான் நம்புறேன். வாசிப்பு ஏற்கனவே வந்தாச்சு, ரெக்கார்டிங் தரம் வந்தாச்சு, வர வேண்டியது வரிகள்தான்.

மொழி பத்தி: இத்தாலியன்ல சால்சா பாடினா சிக்கல் உண்டு. கரீபியன் ஸ்பானிஷ்ல கடைசி எழுத்தை முழுங்கிடுவாங்க, வார்த்தை வழுக்கிட்டே அடுத்ததுக்குப் போகும், பாடகன் பீட்டுக்கு முன்ன பின்ன விளையாட அது வசதி. இத்தாலியன்ல பெரும்பாலான வார்த்தை உயிரெழுத்துல முடிஞ்சு, நடுவுல இரட்டை மெய் வந்து நிக்கும், ஸ்பீடுல பாடினா தடுக்கும். ஆனா நாப்பொலித்தானோன்ற நாப்போளிப் பேச்சுமொழியில கடைசி உயிரெழுத்து பாதி கரைஞ்சுடும், அதுல பாடினா அட்டகாசமா உக்காரும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நம்பிக்கை. நாப்போளிக்காரங்க பாட்டு எழுதும்போது தன் தெருவை விட்டு வெளியவே வர மாட்டாங்க, அது இதுக்குச் சரியான குணம்.

வினோத்_பாஸ்:
நாப்பொலித்தானோ சால்சா! யாராவது பண்ணினா முதல் ஆளா வாங்குவேன். சரி, எனக்கு இப்ப எங்க ஆரம்பிக்கிறது?

சுதா_மிலானோ:
லா மாக்ஸிமா 79 முழு ஆல்பமா கேளுங்க, தனித்தனிப் பாட்டா இல்லாம. குரோமா லத்தீனா இன்னொரு இத்தாலி குரூப், அவங்க சவுண்டு கொஞ்சம் மெருகேத்தினது, மாக்ஸிமாவோட கரகரப்பு இருக்காது, ஆனா ஆட நல்லா இருக்கும். மெர்காதோநெக்ரோவையும் பக்கத்துல வச்சுக் கேட்டுப் பாருங்க. டிஜே டிராக் எடுத்தா முதல்ல ஹெட்ஃபோன்ல கோங்காவை மட்டும் கவனிங்க. கை மாத்தி அடிக்கிற சத்தத்துல ஏத்த இறக்கம் இருந்தா மனுஷன் வாசிச்சது, அதைத் தொடருங்க. எல்லா அடியும் ஒரே மாதிரி இருந்தா அடுத்த பாட்டுக்குப் போயிடுங்க, நேரம் மிச்சம்.

ரிதம்பைத்தியம்:
அதோட கையால மூணு ரெண்டு கிளாவே தட்டிக்கிட்டே கேளுங்க வினோத். கோரோ வர்ற இடத்துல உங்க தட்டு தலைகீழாப் போச்சுன்னா ரெண்டு மூணுன்னு மாத்தித் தட்டிப் பாருங்க, அப்பவும் ஒட்டலன்னா பாட்டுதான் கிராஸ். மாக்ஸிமாவை நானும் இன்னைக்கு ராத்திரி முழுசாப் போட்டுக் கேக்கப் போறேன், கேட்டுட்டு கோங்கா பத்தி மட்டும் இங்க தனியா எழுதுறேன்.

பலெர்மோ_பெடியன்:
எழுதுங்கோ அண்ணை. நான் சனிக்கிழமை லீதோவில டிஜேயிட்ட நேரடியாக் கேக்கிறன், சிசிலியானோவில, அதான் சிசிலிப் பேச்சுமொழியில, ஆரும் சால்சா எழுதினவையோ எண்டு. இருந்தா இஞ்ச போடுறன்.